எடை குறைக்க டயட்டீஷியனிடம் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

எடை குறைப்பதற்கான உணவு ஆலோசனை என்பது, ஒருவர் இப்போது என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு, எந்த நேரத்தில், ஏன் என்று கேட்டறிந்து, அவருடைய நோய், மருந்து, வேலை, வீட்டுச் சமையல், கையிருப்பு அத்தனைக்கும் ஒத்துவரும்படி அதைப் படிப்படியாக மாற்றித் தருவது. அச்சடித்த டயட் சார்ட்டை வாங்கி வந்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டால் ஆலோசனை கிடைத்துவிட்டதாக நினைப்பவர்கள் ஏராளம். பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்த சார்ட் இவருக்குப் பொருந்தாமல் போவதற்கும், பத்தாம் நாளே கைவிடப்படுவதற்கும் காரணம் இந்த நினைப்புதான்.

இந்த ஆலோசனை இன்று தமிழ்நாட்டில் வசதியானவர்களுக்கு மட்டும் தேவைப்படும் விஷயம் இல்லை. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். அதற்கு முந்தைய 2015-16 கணக்கெடுப்பில் இது பெண்களில் 30.9, ஆண்களில் 28.2 சதவீதமாக இருந்தது. இடைப்பட்ட சில ஆண்டுகளில் இவ்வளவு ஏறியிருக்கிறது.

யார் போக வேண்டும்?

முதல் அளவுகோல் பி.எம்.ஐ. கிலோவில் எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது. உலக அளவில் 25க்கு மேல் அதிக எடை, 30க்கு மேல் பருமன் என்று சொல்வார்கள். இந்தியர்களுக்கு இந்த வரம்பு குறைவு: 23இல் அதிக எடை தொடங்குகிறது, 25இல் பருமன். ஒரே பி.எம்.ஐ. உள்ள ஐரோப்பியரைவிட நம்மவர்களுக்கு உடலில் கொழுப்பு அதிகம், தசை குறைவு; சர்க்கரை நோயும் இதய நோயும் குறைந்த எடையிலேயே வந்துவிடுகின்றன.

இரண்டாவது அளவுகோல் இடுப்புச் சுற்றளவு. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பார்க்க ஒல்லியாக, தொப்பை மட்டும் உள்ளவர்கள் "எனக்கென்ன, நான் குண்டாவா இருக்கேன்?" என்று விட்டுவிடக் கூடாது. இன்ச் டேப் ஒன்று போதும், வீட்டிலேயே அளந்துவிடலாம்.

இவை போக, சர்க்கரை நோய், அதற்கு முந்தைய நிலை, ரத்த அழுத்தம், கொழுப்புக் கல்லீரல், பிசிஓஎஸ், மூட்டு வலி, தூக்கத்தில் மூச்சுத் தடை ஆகியவற்றில் ஏதாவது இருந்து எடையும் கூடியிருந்தால் தாமதிக்காமல் போக வேண்டும். பலமுறை தானாகவே முயன்று, குறைத்த எடை திரும்பத் திரும்ப ஏறியவர்களும் போக வேண்டியவர்களே.

யாரிடம் போவது?

முதலில் மருத்துவர். எடை கூடியதற்குத் தைராய்டு குறைபாடோ, ஸ்டீராய்டு போன்ற ஒரு மருந்தோ காரணமாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்காமல் சாப்பாட்டை மட்டும் குறைத்துப் பயனில்லை. அடுத்து டயட்டீஷியன், அதாவது உணவியல் நிபுணர். உணவியல் அல்லது ஊட்டச்சத்துத் துறையில் இளநிலைப் பட்டமும், பெரும்பாலும் முதுநிலைப் பட்டமோ பட்டயமோ பெற்று, மருத்துவமனையில் உள்ளிருப்புப் பயிற்சி முடித்தவர்கள் இவர்கள். இந்திய உணவியல் சங்கம் நடத்தும் தேர்வில் தேறியவர்கள் பெயருக்குப் பின்னால் ஆர்.டி. என்று போட்டுக்கொள்கிறார்கள்; பதிவு பெற்ற டயட்டீஷியன் என்று அதற்கு அர்த்தம்.

'நியூட்ரிஷனிஸ்ட்' என்ற பலகையை மட்டும் நம்பிப் போக முடியாது. பல்கலைக்கழகத்தில் படித்தவரும் அப்படித்தான் போட்டுக்கொள்கிறார், சில வார ஆன்லைன் சான்றிதழ் வைத்திருப்பவரும் அப்படித்தான் போட்டுக்கொள்கிறார். 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைச் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், டயட்டீஷியன்களையும் ஊட்டச்சத்து நிபுணர்களையும் பதிவு செய்ய வேண்டிய தொழில்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பதிவேடு எல்லா இடத்திலும் புழக்கத்துக்கு வரும்வரை, என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது ஒன்றும் மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல நிபுணர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

ஜிம் பயிற்சியாளர் உடற்பயிற்சிக்கு வழிகாட்டலாம். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவருக்கோ சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கோ உணவு எழுதிக் கொடுப்பது அவருடைய வேலை இல்லை.

பணம் ஒரு தடையாக இருந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உணவியல் நிபுணர்கள் இருக்கிறார்கள். வெளிநோயாளிப் பிரிவு மருத்துவரிடம் கேட்டால் பல இடங்களில் அவர்களிடம் அனுப்பி வைப்பார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வீட்டு வாசலிலேயே பார்க்கப்படுகின்றன. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் காட்டி, அங்கிருந்து மேல் சிகிச்சைக்கு எழுதி வாங்கலாம்.

போவதற்கு முன்

கையோடு எடுத்துப்போக வேண்டியவை நான்கு. ஒன்று, பரிசோதனை முடிவுகள்: வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி, கொழுப்பு அளவுகள், தைராய்டு, ஹீமோகுளோபின், கிரியாட்டினின், கல்லீரல் பரிசோதனை. மருத்துவர் சொன்னால் வைட்டமின் டி, பி12. இரண்டு, எடுத்துக்கொண்டிருக்கும் எல்லா மருந்துகளும். சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் கடையில் வாங்கிய பொடிகளையும் சேர்த்து. மூன்று, எடை எப்போது ஏற ஆரம்பித்தது என்ற விவரம்: கல்யாணத்துக்குப் பிறகா, பிரசவத்துக்குப் பிறகா, இரவு ஷிப்ட்டுக்கு மாறிய பிறகா.

நான்காவதுதான் முக்கியம். மூன்று நாள் உணவுக் குறிப்பு. இரண்டு வேலை நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்ட உடனே எழுதிவிட வேண்டும். 'சாதம், சாம்பார்' என்று எழுதாமல் எத்தனை கரண்டி என்று எழுத வேண்டும். குழந்தை மிச்சம் வைத்த இட்லி, வடித்த சாதத்தில் பதம் பார்த்த ஒரு வாய், கோயில் பிரசாதம், ஆபீஸில் யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்த கேக், எல்லாம் அதில் வர வேண்டும். இந்த மூன்று நாளில் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டு குறைத்துச் சாப்பிட்டால், குறிப்பு எழுதிய பயனே போய்விடும்.

முதல் சந்திப்பு

நல்ல ஆலோசகர் முதல் சந்திப்பில் பேசுவதைவிடக் கேட்பது அதிகம். அரை மணி முதல் முக்கால் மணி நேரமாவது ஆகும். வழக்கமாக நடப்பது இப்படி இருக்கும். உயரம் 155 சென்டிமீட்டர், எடை 68 கிலோ, வயது நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் வருகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். பி.எம்.ஐ. 28.3.

"நான் சாப்பிடறதே ரொம்பக் கம்மி மேடம். அப்புறம் எப்படித்தான் வெயிட் போடுதோ தெரியல."

"சரிங்க. நேத்து காலையில எழுந்ததும் முதல்ல என்ன குடிச்சீங்க?"

முந்தைய நாளை மணி மணியாகப் பின்தொடரும் இந்த விசாரிப்புக்கு 24 மணி நேர உணவு நினைவுகூரல் என்று பெயர். அதில் அந்த ஒரு நாள் வெளியே வருகிறது. காலையில் டீ, இரண்டு ஸ்பூன் சர்க்கரை. மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி. பதினொரு மணிக்கு இன்னொரு டீ. மதியம் மூன்று கரண்டி சாதம், சாம்பார், ரசம், உருளைக்கிழங்கு வறுவல், கொஞ்சம் தயிர். நாலு மணிக்கு மறுபடி டீ, ஒரு கைப்பிடி மிக்சர். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு இரவு ஒன்பதரைக்கு நான்கு தோசை.

இதில் அவர் பொய் சொல்லவில்லை. தட்டில் குவித்துச் சாப்பிடவில்லை என்பது உண்மைதான். ஆனால் மூன்று டீயில் ஆறு ஸ்பூன் சர்க்கரை, ஸ்பூனுக்கு 20 கலோரி வீதம் 120. நான்கு தோசைக்குச் சுற்றிலும் விட்ட நான்கு ஸ்பூன் எண்ணெய், ஸ்பூனுக்கு 45 வீதம் 180. 30 கிராம் மிக்சரில் ஏறக்குறைய 160. சாப்பாடு என்ற கணக்கிலேயே வராத இந்த மூன்றில் மட்டும் 460 கலோரி போயிருக்கிறது. அதோடு, நாள் முழுக்க அரிசியும் எண்ணெயும் இருந்தும் புரதம் 40 கிராமை எட்டுவதே கடினம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கும் புரத அளவு நாளுக்கு 46 கிராம். புரதம் குறைந்த சாப்பாடு சீக்கிரம் பசிக்கும்; அந்த நாலு மணி மிக்சர் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

எண்ணெயைக் கண்டுபிடிக்க இன்னொரு கேள்வி உண்டு: "வீட்ல எத்தனை பேர், மாசத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குறீங்க?" நான்கு பேருக்கு ஆறு லிட்டர் என்றால் ஆளுக்கு ஒன்றரை லிட்டர். நாளுக்கு ஏறக்குறைய 45 கிராம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2,000 கலோரித் தட்டுக்குச் சொல்லியிருக்கும் எண்ணெயும் கொழுப்பும் 27 கிராம்தான். மளிகை ரசீதை வைத்தே தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம் இது. 1918இல் நீலகிரி மாவட்டம் குன்னூரில் ஒரு சிறு ஆய்வுப் பிரிவாகத் தொடங்கி, பின்னர் ஹைதராபாத்துக்கு மாறியதே இந்த நிறுவனம். நம் உணவுகளின் சத்துக் கணக்கு எல்லாம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

திட்டம் எப்படி உருவாகிறது

முதலில் இலக்கு. 68 கிலோ பெண்ணுக்கு 55 கிலோ என்ற எண்ணை முதல் நாளே கையில் கொடுத்தால் மலைத்துப்போவார். ஆறு மாதத்தில் 5 முதல் 7 சதவீதம், அதாவது மூன்றரை முதல் ஐந்து கிலோவுக்குள் என்பது நடக்கக்கூடிய இலக்கு. அந்த அளவு குறைந்தாலே சர்க்கரை, ரத்த அழுத்தம், கல்லீரல் கொழுப்பு ஆகியவற்றில் நல்ல மாற்றம் தெரியும். அமெரிக்காவில் 2002இல் முடிவுகள் வெளியான சர்க்கரை நோய்த் தடுப்புத் திட்ட ஆய்வின் எடைக் குறைப்பு இலக்கும் 7 சதவீதம்தான். உணவும் நடையும் சேர்ந்த அந்தப் பயிற்சி, சர்க்கரை நோய் வரும் வாய்ப்பை 58 சதவீதம் குறைத்தது.

அடுத்து வேகம். வாரத்துக்கு அரை கிலோ பாதுகாப்பானது என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. நாளுக்கு 500 கலோரி குறைத்தால் ஆரம்பத்தில் ஏறக்குறைய அந்த வேகம் வரும். எடை குறைக்கும் உணவு நாளுக்கு 1,000 கலோரிக்குக் கீழே போகக் கூடாது என்பதும் அதே வழிகாட்டியில் உள்ளது. பட்டினி கிடந்து வேகமாகக் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும், பித்தப்பையில் கல் உண்டாகலாம், இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும்.

பிறகு மாற்றங்கள். அவை அந்த வீட்டு அடுப்பில் நடக்கக்கூடியவையாக இருக்க வேண்டும். ஓட்ஸும் ப்ராக்கோலியும் ஆலிவ் எண்ணெயும் இல்லாமல் எடை குறையாது என்று எந்த அறிவியலும் சொல்லவில்லை. மேலே சொன்ன பெண்ணுக்கு ஆலோசகர் இப்படித் தொடங்கலாம்: டீயில் சர்க்கரையை ஒரு ஸ்பூனாகக் குறைப்பது, நான்கு தோசையை இரண்டாக்கி, கூடவே ஒரு முட்டையோ கெட்டியான பருப்புக் கூட்டோ வைப்பது, மதியம் சாதத்தில் ஒரு கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் கீரையும் காயும் இரட்டிப்பாக வைப்பது, உருளை வறுவலுக்குப் பதில் அவரைக்காய், கொத்தவரங்காய், புடலங்காய்ப் பொரியல், எண்ணெயை ஊற்றாமல் ஸ்பூனால் அளந்து விடுவது, இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குக் கொண்டுவருவது.

மிக்சருக்குப் பதில் சுண்டல் என்பது பலரும் சொல்லும் யோசனை. அதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. ஒரு கைப்பிடி மிக்சரிலும், வேகவைத்த 100 கிராம் கொண்டைக்கடலையிலும் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சுண்டல் ஒரு கிண்ணம் நிறைய வரும், எட்டு ஒன்பது கிராம் புரதம் கிடைக்கும், நார்ச்சத்து இருக்கும், இரவு வரை வயிறு தாங்கும். கலோரியை மட்டும் பார்க்கும் செல்போன் செயலிக்கு இரண்டும் ஒன்று. ஆலோசகருக்கு இரண்டும் வேறு வேறு.

சப்பாத்திக்கு மாறினால் எடை குறையும், ராகிக்கு மாறினால் குறையும் என்ற நம்பிக்கையும் இங்கே தெளிவாக வேண்டும். அரிசி, கோதுமை, ராகி, கம்பு எதை எடுத்தாலும் 100 கிராமில் ஏறக்குறைய 320 முதல் 360 கலோரி இருக்கிறது. சிறுதானியத்தில் நார்ச்சத்து கூடுதல் என்பதால் குறைவாகவே சாப்பிட முடியும். பலன் அந்த வழியில்தான். மூன்று கரண்டி சாதத்தை நிறுத்திவிட்டு ஆறு சப்பாத்தி சாப்பிட்டால் எடை குறையாது.

நடையும் வேண்டும். ஆனால் ஒரு மணி நேர வேக நடையில் செலவாவது 200 முதல் 250 கலோரிதான். ஹோட்டலில் ஒரு மசால் தோசை சாப்பிட்டால் அது முழுசாகத் திரும்பிவிடும். எடை குறைவது பெரும்பாலும் தட்டில். குறைந்த எடை ஏறாமல் நிற்பதற்கும், தசை கரையாமல் இருப்பதற்கும், சர்க்கரை கட்டுக்குள் இருப்பதற்கும் உடற்பயிற்சி. வாரத்துக்கு 150 நிமிடம் நடை, இரண்டு நாள் தசைப் பயிற்சி என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு.

தொடர்ந்து போவது

முதல் சந்திப்போடு நிறுத்திக்கொள்வதே பெரும்பாலானோரின் முயற்சி வீணாகும் இடம். இரண்டு வாரத்தில் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை என்று குறைந்தது ஆறு மாதமாவது தொடர்பு இருக்க வேண்டும். ஆரம்பத்தில் வேகமாக இறங்கும் எடையில் நீர் இழப்பும் சேர்ந்திருக்கும். இரண்டு மூன்று மாதத்தில் முள் ஒரே இடத்தில் நின்றுவிடும். எடை குறைந்த உடம்புக்குச் செலவாகும் சக்தியும் குறைவு என்பதால் இது எல்லோருக்கும் நடப்பது. இந்த இடத்தில்தான் "என்ன பண்ணாலும் குறைய மாட்டேங்குது" என்று விட்டுவிடுகிறார்கள். ஆலோசகர் அப்போது குறிப்பை மறுபடி பார்த்து, நழுவிய அளவுகளைக் கண்டுபிடித்து, புரதத்தையும் தசைப் பயிற்சியையும் கூட்டுவார். எடை நின்றாலும் இடுப்புச் சுற்றளவு இறங்கியிருக்கலாம். அதையும் அளந்து காட்டுவார்.

சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான இந்தியச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வு இதற்கு நல்ல சான்று. சர்க்கரை நோயின் வாசலில் இருந்த 531 பேரைச் சேர்த்து, ஒரு பிரிவினருக்கு உணவு, நடை பற்றிய ஆலோசனையைத் தொடர்ந்து கொடுத்தார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. எடை இயந்திரம் அசையாத மாதங்களிலும் ஆலோசனை உடம்புக்குள் வேலை செய்துகொண்டிருக்கலாம்.

கூடுதல் கவனம் தேவைப்படுகிறவர்கள்

இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் சாப்பாட்டைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மருந்தின் அளவும் கூடவே மாற வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் புரதத்தைக் கூட்டும் டயட்டையும், பொட்டாசியம் அதிகமுள்ள இளநீரையும் தாங்களாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கர்ப்பிணிகள் எடை குறைக்க முயலவே கூடாது. பாலூட்டும் தாய்மார்கள் கடுமையான டயட்டில் இறங்கக் கூடாது. வளரும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் எடையைக் குறைப்பதைவிட, உயரம் கூடும்வரை எடை ஏறாமல் பார்த்துக்கொள்வதே போதும். பட்டினி போடக் கூடாது.

செமாக்ளூடைடு, டிர்செபடைடு போன்ற எடைக் குறைப்பு ஊசிகள் 2025 முதல் இந்தியாவில் பரவலாகப் பேசப்படுகின்றன. மருத்துவர் பரிந்துரையோடு மட்டுமே எடுக்க வேண்டியவை இவை. எடுப்பவர்களுக்கு டயட்டீஷியன் தேவையில்லை என்பது தவறு. பசியே அடங்கிவிடுவதால் புரதமும் சத்துகளும் குறைந்து தசை கரையும் அபாயம் உண்டு. அவர்களுக்கு ஆலோசனை இன்னும் அதிகமாகத் தேவை.

விலக வேண்டிய அடையாளங்கள்

ஒரு மாதத்தில் பத்துக் கிலோ என்று உத்தரவாதம் தருபவர், ரத்தப் பரிசோதனையைக் கேட்காமலே சார்ட் நீட்டுபவர், மாவு டப்பாவையும் கேப்ஸ்யூலையும் தானே விற்பவர், மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் ஆகியோரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். சிபுட்ரமின் என்ற எடைக் குறைப்பு மருந்து, இதயத்துக்கு ஆபத்து என்று 2011இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. 'மூலிகை' என்று விற்கப்படும் மெலிவுப் பொருட்களில் அது ஒளிந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. இயற்கை என்ற சொல் பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது.

இன்னொரு அடையாளமும் உண்டு. உடம்பைப் பார்த்து முகம் சுளிப்பவர், ஒரு நாள் பிரியாணி சாப்பிட்டதற்காகத் திட்டுபவர் நல்ல ஆலோசகர் இல்லை. அவமானப்பட்டவர் அடுத்த முறை உண்மையைச் சொல்ல மாட்டார். உண்மை வராவிட்டால் ஆலோசனைக்கு அடிப்படையே இல்லை. கல்யாண வீடு, தீபாவளி, ஊர்த் திருவிழா எல்லாம் வரத்தான் செய்யும். அந்த நாட்களையும் கணக்கில் வைத்துப் போடும் திட்டமே ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

எடை குறைக்க நினைப்பவர்கள் ஒரு டப்பா பவுடருக்குக் கொடுக்கும் பணத்தை முதலில் ஒரு படித்த டயட்டீஷியனின் கட்டணத்துக்கு ஒதுக்குங்கள். மூன்று நாள் உணவுக் குறிப்பை மறைக்காமல் எழுதிக்கொண்டு போங்கள். முள் நின்றுபோன மாதத்திலும் போவதை நிறுத்தாதீர்கள்.